அந்த 9 டெசிபெல் எங்கே போனது?

கேள்வி: 16 அடிக்கு 12 அடி அளவுள்ள எங்கள் ஹாலுக்கு 12 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கி) ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். மூடிய பெட்டி வகையில் ஒன்றும் போர்ட் (காற்று வந்துபோகும் துளை) உள்ள வகையில் ஒன்றும் என் பட்டியலில் உள்ளன. போர்ட் உள்ளது 20 ஹெர்ட்ஸில் 112 டெசிபெல் தருகிறது என்கிறது ஒரு விமர்சனம். 103 என்கிறது மற்றொன்று. மூன்றாவதிலோ மூடிய பெட்டியே முந்துகிறது. யாரை நம்புவது?
– வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: முதல் இருவரும் ஒரே அளவைத்தான் இருவேறு விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சப்வூஃபர்களைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் சி.டி.ஏ. 2010 முறையில், ஆறரை சுழற்சிகளே நீடிக்கும் ஒலித்துணுக்கு ஒன்றை ஒலிக்கவிட்டு, சிதைவு வரம்பைத் தாண்டும்வரை ஒலியை ஏற்றிக்கொண்டே போய், தாண்டுவதற்கு முந்தைய அளவைக் குறித்துக்கொள்வார்கள். அதை 1 மீட்டர் தூரத்து உச்ச அளவாகச் சிலரும், 2 மீட்டர் தூரத்து ஆர்.எம்.எஸ். (ஒருவகைச் சராசரி) அளவாகச் சிலரும் வெளியிடுகிறார்கள். தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும், உச்சத்திலிருந்து ஆர்.எம்.எஸ்.ஸுக்கு மாறினால் மேலும் 3 குறையும். ஆக மொத்தம் 9. உங்கள் 112க்கும் 103க்கும் இடையே உள்ளதும் அதே 9 என்பதால், இரு அட்டவணைகளின் அடிக்குறிப்பையும் ஒருமுறை பாருங்கள். பலரும் படிக்காமல் தாண்டிப்போகும் வரி அது.

மூன்றாமவர் எதைச் சராசரி எடுத்தார் என்று கவனியுங்கள். 40 முதல் 63 ஹெர்ட்ஸ் வரையிலான சராசரியில் நல்ல மூடிய பெட்டி முந்துவதில் வியப்பில்லை. 20 முதல் 31.5 வரை பார்த்தால் போர்ட் உள்ளதுதான் பெரும்பாலும் மேலே நிற்கும். ஆனால் போர்ட் இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே அதன் ஒலி ஆக்டேவுக்கு (அதாவது, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபெல் என்ற வேகத்தில் சரியும், மூடிய பெட்டியிலோ அச்சரிவு 12தான்.

அவர் வெட்டவெளியில் அளக்காமல் தம் வீட்டு அறையில் அளந்திருந்தால், அந்த எண்ணை ஒதுக்கிவிடுங்கள். அது பெட்டியோடு அவருடைய அறையையும் சேர்த்து அளந்த எண். உங்கள் ஹாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 16 அடி நீளத்துக்கு ஏறத்தாழ 35 ஹெர்ட்ஸில் நிலை அலை (சுவர்களுக்கிடையே எதிரொலித்து, நகராமல் நிற்கும் ஒலி அலை) எழும். சோபா நீளவாக்கில் நட்டநடுவே இருந்தால் அந்த அதிர்வெண் அங்கே பள்ளத்தில் விழும். பின்சுவரை ஒட்டி இருந்தால் வீங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு முன்னால், இரு பெட்டிகளுக்கிடையே உள்ள ஓரிரு டெசிபெல் வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல.

என் தேர்வைக் கேட்டால், படங்களில் 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் அதிர்வுகள் வேண்டும், பெரிய பெட்டிக்கு இடமும் இருக்கிறது என்றால் போர்ட் உள்ளதை வாங்குங்கள். பெரும்பாலும் பாட்டுதான் கேட்பீர்கள் என்றால் மூடியது போதும். நாலு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தியே 41 ஹெர்ட்ஸில்தான் ஒலிக்கிறது. மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக்காரரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு இந்த அட்டவணைகள் எதுவும் தெரியாது.

எதை வாங்கினாலும், முதலில் அதைச் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் மிகுந்த ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேளுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், பரவாயில்லை. எந்த மூலையில் ஒலி சீராகவும் அழுத்தமாகவும் கேட்கிறதோ, பெட்டியை அங்கே வையுங்கள்.