போர் ஆவணப்படங்களில் எதை நம்புவது: பழைய படச்சுருளையா, முன்னாள் வீரரின் நினைவையா?

கேள்வியோடு சேர்த்துள்ள விளக்கத்தில், “ஐம்பது ஆண்டு கழித்து ஒரு முதியவர் தடுமாறிச் சொல்வதை எப்படிச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியும்? அந்தக் காலத்துக் காட்சிகளை மட்டும் காட்டிவிட்டுப் போகலாமே” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வரலாறோ ஊடகவியலோ படிக்கும் மாணவராக இருக்க வேண்டும். வீட்டில் ராணுவத்தில் இருந்தவர் எவரும் இல்லை என்றும் தோன்றுகிறது. என் ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வரலாற்றாசிரியன் அல்லன். சேலத்தில் திருமண வீடியோ எடுப்பதும், எடுத்ததை வெட்டி ஒட்டித் தருவதுமே பல ஆண்டுகளாக என் பிழைப்பு. தாலி கட்டும் நேரத்தில் யாரோ குறுக்கே வந்து நின்றுவிட்டால், வேறொரு நொடியில் எடுத்த மாமியாரின் முகத்தை அந்த இடத்தில் வைத்துவிடுவோம். பார்ப்பவர் எவருக்கும் ஐயம் வராது. ஆகவே, படம் பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

இரண்டில் அதிகம் ஏமாற்றக்கூடியது படச்சுருள்தான் என்பது என் பதில். முதியவர் தவறினால் ஒரு தேதியில் தவறுவார், எது முன்னே எது பின்னே என்பதில் தவறுவார். கேட்பவரும் அப்படி இருக்கலாம் என்று எச்சரிக்கையோடுதான் கேட்பார். பழைய காட்சிக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் கீறல் விழுந்திருந்தால் போதும், நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம்.

முதல் உலகப் போரில் பிரான்சில் நடந்த சோம் போரைப் பற்றி 1916 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளியான படத்தைப் பாருங்கள். ஜெஃப்ரி மாலின்ஸ், ஜே. பி. மெக்டவல் என்ற இருவர் களத்துக்குப் போய் எடுத்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே திரைக்கு வந்து, முதல் ஆறு வாரத்தில் சுமார் 2 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றன. பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் மேலேறிப் பாய, ஒருவர் ஏற முடியாமல் சரிந்து கிடக்கும் காட்சி அதில் வரும். இன்றுவரை எத்தனையோ ஆவணப்படங்களில் முதல் உலகப் போர் என்றால் அந்தக் காட்சிதான். அது போர்முனைக்குப் பின்னால், பயிற்சி இடத்தில் நடித்து எடுக்கப்பட்டது என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் அதே படத்தில், காயம்பட்ட தோழரை ஒரு வீரர் தோளில் தூக்கிக்கொண்டு குழிவழியே வரும் காட்சி உண்மையானது. இரண்டும் ஒரே சுருளில் இருக்கின்றன. வெறும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

காட்சியைவிட ஒலி இன்னும் மோசம். முதல் உலகப் போரின் படங்கள் அனைத்தும் ஊமைப்படங்கள். இரண்டாம் உலகப் போரிலும் போர்முனையில் எடுத்தவற்றில் பெரும்பகுதி ஒலியில்லாமல் எடுத்தவையே. நீங்கள் கேட்கும் பீரங்கிச் சத்தமும் பூட்ஸ் சத்தமும் தொகுப்பு அறையில் பின்னர் ஏற்றியவை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒலியே இல்லாமல் ஒரு மணி நேரம் யாரும் உட்கார மாட்டார்கள். ஆனால் சான்று என்று நீங்கள் சொல்வதில் பாதியை ஒரு தொகுப்பாளர் செய்திருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் அவர்தான். அவர் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். பெங்களூரில் அல்சூர் ஏரி அருகே உள்ள மையத்தில் பயிற்சி பெற்றவர்; அந்தப் படையினரை ராணுவத்தில் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார்கள். 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரின் மேற்கு முனையில், ஷகர்கட் பகுதியில், பசந்தர் ஆற்றையொட்டிக் கண்ணிவெடிகளை எடுத்து டாங்கிகளுக்குப் பாதை திறந்தவர்களில் ஒருவர். அந்தச் சண்டை என்றதும் இருபத்தொரு வயதில் உயிர்விட்டுப் பரம்வீர் சக்கரம் பெற்ற அருண் கேத்ரபாலின் பெயரை எல்லோரும் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். அவர் இருந்த பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் ஆற்றைக் கடந்தது, 15ஆம் தேதி இரவு சாப்பர்கள் திறந்துகொண்டிருந்த பாதை வழியாகத்தான். வேலை முழுதாக முடியும் முன்னரே, எதிர்க்கரையில் இருந்த காலாட்படைக்கு உதவ டாங்கிகள் நகர்ந்துவிட்டன.

ஓய்வு பெற்றபின் பெரியப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராகச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டார். ஒரு ஜனவரியில், பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டிருந்த நாட்களில், கேமராவோடு மேலே போனேன். களத்தின் ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். போரைப் பற்றிப் பொதுவாகக் கேட்டபோது, எல்லா முன்னாள் ராணுவத்தாரையும்போல, “கடமையைச் செஞ்சோம்” என்று நிறுத்திக்கொண்டார். கண்ணிவெடியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் பெரியப்பா என்று கேட்டதும் நாற்காலியைவிட்டு எழுந்தார். காய்ந்துகொண்டிருந்த காபிப் பழத்தின் மேலேயே குப்புறப் படுத்துவிட்டார். ஒரு குச்சியை எடுத்து, சாய்வாக, விரல் அளவு விரல் அளவாகப் பழத்துக்குள் செலுத்திக் காட்டினார். “மேலருந்து நட்டுக்கா குத்துனா நீ காலி. சாச்சு, பக்கத்துல தொட்டா டொக்குன்னு சொல்லும். சொன்னதும் கையை எடுத்துரணும், மூச்சைக்கூட அடக்கிக்கணும்.” பிறகு விரல் நுனிகளால் பழத்தை ஒதுக்கி, இல்லாத ஒரு வெடியின் விளிம்பைத் தடவினார். பாதையின் இரு பக்கமும் வெள்ளை நாடா இழுத்துக் கட்டுவதையும், இருட்டில் அந்த நாடா மட்டுமே கண்ணுக்குத் தெரியும் என்பதையும் சொன்னார். பக்கத்தில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அவர் நிறுத்தியபின் பதிவில் கேட்பது, களத்தில் பெண்கள் பலகையால் பழத்தைக் கிளறிவிடும் சரசரப்பு மட்டும்தான். வெகு நேரம் அது கேட்கும். அந்த இடத்தை நான் வெட்டவில்லை.

ஒரு தொலைக்காட்சி நிலையம் குடியரசு தின நிகழ்ச்சிக்காக முன்னாள் வீரர்களின் பேட்டிகளைத் தேடியபோது இந்தப் பதிவின் பிரதியைக் கொடுத்தேன். ஒளிபரப்பில் பெரியப்பாவின் குரல் ஒரு நிமிடம்கூட வரவில்லை. வந்த அந்தக் கொஞ்ச நேரமும் அவர் முகத்தை மறைத்து, நட்டநடுப் பகலில் பாலைவன மணலைக் கிளப்பிக்கொண்டு ஓடும் டாங்கிகளைக் காட்டினார்கள். ஷகர்கட் என்பது வயலும் சேறுமான பஞ்சாப் சமவெளி. அதுவாவது போகட்டும், அந்த டாங்கிகள் டி-72. 1971இல் அது நம் படையிலேயே கிடையாது. பூனா ஹார்ஸ் ஓட்டியது செஞ்சூரியன் ரக டாங்கி. அவர் பேச்சை நிறுத்திய இடத்தில் வயலின் இசையும் துப்பாக்கிச் சத்தமும் இருந்தன.

நிகழ்ச்சி பார்த்து முடித்ததும் பெரியப்பா கேட்டது இது: “நாங்க ராத்திரில செஞ்ச வேலையைப் பகல்ல செஞ்ச மாதிரி போட்டிருக்கானே, கூட இருந்த தம்பிங்க எவனாவது பாத்தா என்னைப் புளுகன்னுதானே நினைப்பான்?” தயாரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “சார், இருட்டைக் காட்டினா யார் பார்ப்பாங்க?” என்றார். அவர்களுக்கும் நேர நெருக்கடி உண்டு, கையில் கிடைக்கும் காட்சியைத்தான் போட முடியும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நானும் அதே தொழில்தான். எல்லா நிலையங்களையும் சேர்த்துத் திட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் “இது பயிற்சியின்போது எடுத்த காட்சி” என்று கீழே ஒரு வரி ஓடவிட என்ன செலவாகிவிடும்? உண்மையைச் சொன்ன ஒருவரை, சான்று என்று நீங்கள் நம்பச் சொல்லும் படச்சுருள்தான் பொய்யராக்கியது.

நினைவு பிசகாது என்று நான் வாதிட வரவில்லை. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது 16ஆம் தேதி மாலை. மேற்கு முனையில் போர்நிறுத்தம் 17ஆம் தேதி இரவு 8 மணிக்கு. பெரியப்பாவின் நினைவில் இரண்டும் ஒரே இரவு. இதைவிடச் சிக்கலானதும் உண்டு. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்போலியில் போரிட்ட ஆஸ்திரேலிய முதியவர்கள் சிலருடைய பேச்சில், அந்தப் போரைப் பற்றி 1981இல் வந்த திரைப்படத்தின் காட்சிகள் அவர்களுடைய சொந்த நினைவுபோலவே கலந்திருந்ததை ஆலிஸ்டர் தாம்சன் என்ற வாய்மொழி வரலாற்றாளர் எழுதியிருக்கிறார். அதாவது, நினைவைக் கெடுப்பதிலும் படத்துக்குப் பங்கு உண்டு. தேதிப் பிழையை ஒரு வரித் தலைப்பால் திருத்திவிடலாம். மேலே ஒட்டிய தவறான காட்சியைப் பார்வையாளர் மனத்திலிருந்து எடுப்பது எளிதல்ல.

இதை ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1964இல் பிபிசி 26 பகுதிகளாக எடுத்த முதல் உலகப் போர்த் தொடரில், நடித்து எடுத்த காட்சிகளை அடையாளம் சொல்லாமல் கலந்ததை லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் நோபிள் ஃபிராங்க்லண்ட் கடுமையாக எதிர்த்தார். அவரே, 1973இல் ஒளிபரப்பான தேம்ஸ் தொலைக்காட்சியின் இரண்டாம் உலகப் போர்த் தொடரான ‘தி வேர்ல்ட் அட் வார்’க்கு வரலாற்று ஆலோசகரானார். அதுவும் 26 பகுதி. எங்கே தொடங்குவது என்று கேட்டால், நான் அதைத்தான் சொல்வேன். தளபதிகளும் அமைச்சர்களும் பேசும் அதே அளவுக்குச் சாதாரண ஆட்களும் அதில் பேசுகிறார்கள்.

முதல் உலகப் போரைப் பற்றி 2018இல் பீட்டர் ஜாக்சன் எடுத்த ‘தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்’ படத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஊமைப்படத்துக்கு நிறமேற்றி, உதட்டசைவை வாசிப்பவர்களை வைத்து வீரர்கள் பேசியதைக் கண்டறிந்து குரல் கொடுத்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, நேருக்கு நேர் மோதும் சண்டைக்குக் காட்சியே இல்லாத இடத்தில் வேறெதையும் ஒட்டாமல், அந்தக் காலப் பத்திரிகைச் சித்திரங்களைக் காட்டியது. பிடிக்காதது, பேசுகிறவர் யார் என்று குரலோடு பெயர் போடாதது; எல்லாக் குரலும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் போரில் கடல் கடந்து போன 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களுக்கும் அதில் இடமில்லை என்றே சொல்லலாம். நீங்கள் விரும்பும் வழிக்கு நேர் எதிரான முனையில் கிளாட் லான்ஸ்மான் இருக்கிறார். யூதப் படுகொலையைப் பற்றி 1985இல் வந்த அவருடைய ஒன்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட ‘ஷோவா’ படத்தில் பழைய காட்சி ஒரு துண்டுகூடக் கிடையாது. உயிர் தப்பியவர்களும் நேரில் கண்டவர்களும் குற்றத்தில் பங்கெடுத்தவர்கள் சிலரும் பேசுவதும், படமெடுத்தபோது அந்த இடங்கள் இருந்த தோற்றமும் மட்டும்தான். பொய்யான ஒரு காட்சியைவிட முகமே போதும் என்று நான் சொல்லும் துணிவு அதைப் பார்த்தபின் வந்தது.

நம் ஊர்க் கதை வேறு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் நாம் மலையேறுகிறோம். அந்த நிறுவனம் 1945இல் ‘பர்மா ராணி’ எடுத்தது, டி. ஆர். சுந்தரம் இயக்கி, ஜப்பானிய அதிகாரியாக நடிக்கவும் செய்தார். போர் ஆதரவுப் படங்கள் வேண்டும் என்று வெள்ளை அரசு கேட்ட காலம் அது. இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் படையில் இருந்தார்கள். பர்மாவில் நம் ஆட்களும் இருந்தார்கள். சேலத்து ஸ்டுடியோவில் கட்டிய பர்மா திரையில் நமக்கு வாய்த்தது. அந்தக் காட்டிலிருந்து திரும்பி வந்து செவ்வாய்ப்பேட்டையிலும் ஆத்தூரிலும் கடை வைத்துப் பிழைத்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து யார் கேட்டார்கள்? அவர்களில் அனேகமாக எவரும் இன்று இல்லை. 1971இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்தைத் தொடும்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார். ராணுவ கேன்டீன் பையோடு போகிறவரைப் பாருங்கள். படம் எடுப்பதானால், எந்தப் பழைய காட்சியையும் அவருக்கு முன்கூட்டிக் காட்டிவிடாதீர்கள். பெயர், படை எண், பிரிவு, ஊர் ஆகியவற்றை முதலில் சொல்லச் செய்யுங்கள். படை எண்ணை எந்தச் சிப்பாயும் மறப்பதில்லை. வீரத்தைப் பற்றிக் கேட்காமல், கையால் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டால் தேதிகளைச் சரிபார்க்கலாம். 1971இல் இருந்தவர் என்றால், பஸ்சிமி ஸ்டார் பதக்கம் மேற்கு முனைக்கும் பூர்வி ஸ்டார் கிழக்கு முனைக்கும் உரியது. அவர் பேசி முடித்தாலும் கேமராவை உடனே அணைத்துவிட வேண்டாம். வெட்டாத முழுப் பதிவை இரண்டு இடத்தில் வையுங்கள். எந்த நிலையத்தார் வந்து கேட்டாலும், குரலின் மேல் எந்தக் காட்சியை ஒட்டப்போகிறார்கள் என்று எழுதி வாங்கியபிறகே பிரதி கொடுங்கள்.