குறைந்த செலவில் நல்ல புரோட்டீன் பவுடர் எது? ஹட்டன் பக்கம் கிடைத்தால் நல்லது

உங்களுக்கு ஒரு இருபத்திரண்டு வயது இருக்கும், ஜிம்மில் சேர்ந்து சில மாதம் ஆகியிருக்கும், மாஸ்டர் ஒரு பெரிய டின்னைக் காட்டி "இத எடுத்தாத்தான் உடம்பு வரும்" என்று சொல்லியிருப்பார். கேள்வியைப் படித்ததும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. தேயிலை பெக்டரியில் கணக்கு எழுதுகிறவன், மாலையில் ஜிம்முக்குப் போகிறவன். எங்கள் பெக்டரிக்குள் 100 கிலோ பச்சைக் கொழுந்து போனால் 21, 22 கிலோ தூள்தான் வெளியே வரும். கொழுந்து எடைக்குத் தூள் விலை கேட்டால் எவனும் கொடுக்க மாட்டான். புரோட்டீன் டின்னில் பெரிய எழுத்தில் இருப்பது அந்தக் கொழுந்து எடைதான். உங்களுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் புரதத்தின் எடை. அது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

போன தீபாவளிக்கு என் சித்தி மகன் கொழும்பிலிருந்து வந்தான். புடவைக் கடையில் வேலை. போனஸ் காசோடு நேராக டவுனுக்குக் கூட்டிப்போய், "அண்ணே, இது 3 கிலோ 27,000. அந்த வே புரோட்டீன் ரெண்டே கால் கிலோதான், 40,000 சொல்றாங்க. இதுதானே லாபம்?" என்றான். முதலாவது மாஸ் கெயினர், உடல் எடை கூட்டுவதற்கென்று விற்கும் பவுடர். திருப்பிப் பார்த்தால் 100 கிராமில் புரதம் 15 கிராம். முழு டின்னுக்கும் 450 கிராம், அதாவது ஒரு கிராம் புரதம் 60 ரூபாய். இரண்டாவது, பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரதம். அதில் 30 கிராம் கரண்டிக்கு 24 கிராம் புரதம். முழு டின்னில் ஏறக்குறைய 1,800 கிராம், கிராமுக்கு 22 ரூபாய். மலிவு என்று அவன் கையில் பிடித்திருந்தது கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலை! மாஸ் கெயினரில் மீதி பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. மூன்று வேளையும் சோறும் ரொட்டியும் தின்கிற நமக்கு அதையும் டின்னில் வாங்க வேண்டுமா?

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்கிறதுன்னா வாங்குங்க தம்பி, இங்க என்ன கணக்குப் பரீட்சையா?" என்றார். அப்படியே பக்கத்திலிருந்த இன்னொரு டின்னையும் எடுத்துப் பார்த்தேன். விலை மிகக் குறைவு, புரதமும் நிறையப் போட்டிருந்தது. ஆனால் சேர்மானப் பட்டியலில் கிளைசின், டோரின் என்று மலிவான அமினோ அமிலங்கள் இருந்தன. வழக்கமான பரிசோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். இப்படி மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தால் நைட்ரஜன் கூடும், காகிதத்தில் புரதமும் கூடும். 2008இல் சீனாவில் பால்மாவில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்ததும் இதே ஓட்டை வழியாகத்தான். இறக்குமதியாளர் பெயர், விலாசம், காலாவதித் திகதி இல்லாத டின்னைத் தொடவே வேண்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இதற்கெல்லாம்தான் இருக்கிறது.

ஒன்லைனில் வாங்கினால் மலிவு என்று கீழே ஒருவர் எழுதுவார். சரி, மலிவுதான். ஆனால் விலாசம் எங்கே இருக்கிறது? லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒவ்வொரு காம்பராவுக்கும் தனி இலக்கம் போட்ட விலாசம் எத்தனை தோட்டத்தில் உண்டு? தோட்டத்துப் பெயரும் டிவிஷன் பெயரும்தான். கூரியர்காரர் மெயின் ரோட்டில் நின்றுகொண்டு "கீழ வந்து எடுத்துக்கங்க" என்பார். போய்ச் சேர்வதற்குள் ஆள் இருக்க மாட்டார். எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபீசில் தூங்கி, திகதி முடிந்த பிறகு கைக்கு வந்தது. டின் வராவிட்டால் போகட்டும், அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? கேட்டதற்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் இங்கே எதைப் பேசினாலும் விலாசத்தில் வந்து முட்டுகிறது.

பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கிய ஐசொலேட் வகை வே வேண்டுமா என்றால், பால் குடித்து வயிறு பொருமாதவருக்கு, அது கொஞ்சம் மிஞ்சியிருக்கும் கொன்சன்ட்ரேட் வகை போதும். மழை மாதத்தில் பவுடர் கட்டி பிடிக்கும், அதனால் கிராமுக்கு ஓரிரு ரூபாய் கூடினாலும் நம் ஊருக்குச் சின்ன டின்தான் சரி. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் எடுக்க வேண்டாம்.

"பருப்புத் தின்னச் சொல்கிற பழைய ஆள்" என்று யாரும் வர வேண்டாம், நானும் பவுடர் குடிக்கிறவன்தான். ஆனால் அதே கணக்கைச் சமையலறையிலும் போட்டுப் பாருங்கள். மைசூர் பருப்பு கிலோ 300 ரூபாய் என்று வைத்தால், அதில் 240 கிராம் அளவு புரதம், கிராம் ஒன்றேகால் ரூபாய். முட்டை 42 ரூபாய் என்றால் 6 கிராம், கிராமுக்கு 7 ரூபாய். காய்ந்த சோயாமீட்டில் பாதி எடை புரதம். பருப்பின் புரதம் முட்டையினுடையதைப் போல முழுதாக உடம்பில் சேராது, ஒத்துக்கொள்கிறேன். சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் அந்தக் குறை பெருமளவு தீரும். எடை தூக்குகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை என்பது பரவலாகச் சொல்லும் அளவு. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். இதில் சாப்பாட்டில் வராத மிச்சத்துக்குத்தான் பவுடர், பெரும்பாலும் நாளைக்கு ஒரு கரண்டி.

தம்பி அன்றைக்கு வே புரோட்டீனில் ஒரு கிலோ பக்கெட்டும், வழியில் இரண்டு கிலோ பருப்பும் வாங்கினான். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் டின்னின் பின்பக்கத்தைப் படமெடுத்து, விலையோடு கீழே போடுங்கள், கணக்கை நானே போட்டுத் தருகிறேன். கடைப் பெயர் மட்டும் வேண்டாம், எங்கள் ஊர் சின்ன ஊர்.