நுகர்வோர் கேள்வி-பதில்: 400 ஒலி இருக்கட்டும், அழுத்தம் இருக்கிறதா?

எட்டு வயது மகளைப் பியானோ வகுப்பில் சேர்த்திருக்கிறோம். 61 கட்டை கீபோர்டு, 400 ஒலி, 100 தாளம் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? – வாசகி, திருச்சி

பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து வாங்கும் வழக்கம் என்றைக்கு ஒழியுமோ! அந்த 400-இல் ஹெலிகாப்டர் சத்தமும் நாய் குரைப்பும் சேர்த்தி. வகுப்புக்கு வேண்டியது பியானோ ஒலி ஒன்றுதான்.

பியானோவுக்கு 88 கட்டை; 52 வெள்ளை, 36 கருப்பு. முதல் ஆண்டுப் பாடம் 61-க்குள் அடங்கிவிடும் என்பதால் எண்ணிக்கையில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். அழுத்தத்தில் பிடிப்பேன். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் எழுந்து கம்பியை அடிக்கும். மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கினால் உரத்த ஒலி. விரல் பழக வேண்டியது அதற்குத்தான். அழுத்தத்துக்கேற்ப ஒலியை மாற்றும் டச் ரெஸ்பான்ஸ் இல்லாத கீபோர்டில் தடவினாலும் குத்தினாலும் ஒரே சத்தம். அதில் பழகிய பிள்ளை வகுப்பிலுள்ள பியானோவில் திணறும். யமஹா பி.எஸ்.ஆர். வரிசையில் இ273-க்கு இந்த வசதி இல்லை, இ373-க்கு உண்டு. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

விற்பனையாளர் தாளத்தைப் போட்டுவிட்டு அமர்க்களமாக வாசிப்பார். நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே கட்டையை நீங்களே முதலில் மெதுவாக, பிறகு வேகமாக அழுத்துங்கள். பின்புறம் சஸ்டெயின் பெடல் (காலால் மிதித்து ஒலியை நீட்டுவது) செருகத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பணம் இருந்தால் 88 வெயிட்டெட் (பியானோவைப் போலக் கனமாக அழுந்தும்) கட்டை கொண்ட டிஜிட்டல் பியானோ. இல்லையேல் டச் ரெஸ்பான்ஸ் உள்ள 61, ஓராண்டுக்கு மட்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் பியானோவும் எலெக்ட்ரானிக் கீபோர்டும் தனித்தனிப் பாடங்கள். உங்கள் மகள் எதற்குப் போகிறாள் என்று ஆசிரியரிடம் கேட்ட பிறகு பணத்தை எடுங்கள்.

கட்டையில் விளக்கு எரியும் மாடல் நல்லதா? – வாசகர், சேலம்

வேண்டாம். பிள்ளை விளக்கைத் துரத்தும், நோட்டேஷன் படிக்காது.

எக்ஸ் வடிவ ஸ்டாண்ட் மலிவாக இருக்கிறதே? – வாசகர், கரூர்

முழங்கால் இடிக்கும், வேகமாக வாசித்தால் ஆடும். என் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் முன்கை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு மேசையும் ஸ்டூலும் போதும்.

ஆன்லைனில் மடக்கு பியானோ வாங்கி மூன்று மாதம் பிரிக்கவில்லை. இப்போது நான்கு கட்டை ஊமை. – வாசகர், மதுரை

வந்த அன்றே 88 கட்டையையும் அழுத்திப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா? திருப்பி அனுப்பும் கெடு போயிற்று. பில் இருந்தால் வாரண்டியில் கேளுங்கள். பில்லாவது இருக்கிறதா?

ஊட்டியில் பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோ 90,000-க்கு வருகிறது. சென்னைக்குக் கொண்டுவரலாமா? – வாசகி, சென்னை

கையில் டார்ச், போனில் ட்யூனர் செயலி, கூடவே பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஆள் ஒருவர். நடு சி கட்டைக்கு மேலுள்ள ஏ கட்டையை அழுத்தினால் செயலி 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். 415 பக்கம் நின்றால் அரை ஸ்வரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். சுருதியை ஏற்றும்போது துருவேறிய கம்பி அறும். கம்பியை இறுக்கும் ஆணிகள் பலகையில் தளர்ந்திருந்தால் எத்தனை முறை ட்யூன் செய்தாலும் நிற்காது. அதற்கு 9,000 கூடக் கொடுக்காதீர்கள். கீழ்ப்பலகையைக் கழற்றிக் கரையான், சவுண்ட்போர்டில் (ஒலியைப் பெருக்கும் பலகை) விரிசல், சுத்தியல் கம்பளியில் பூச்சி அரிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். கடற்கரை ஈரத்தில் கம்பளி ஊறிக் கட்டைகள் ஒட்டும், கம்பி துருப்பிடிக்கும். இறக்கி வைத்ததும் ட்யூன் செய்யாமல் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அதன்பின் ஆண்டுக்கு இருமுறை.

ஓராண்டுக் கட்டணம் 36,000 முன்பணமாகக் கட்டினோம். இரண்டாம் மாதத்தோடு ஆசிரியர் நின்றுவிட்டார், இப்போது வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள். ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் இருக்கிறதாம். – வாசகி, கோவை

உங்கள் மீது தவறில்லை அம்மா. ரசீதில் அச்சடித்ததெல்லாம் சட்டமாகிவிடாது. குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ரசீது, விளம்பர நோட்டீஸ், வாட்ஸப் செய்திகளைச் சேர்த்து வையுங்கள். பதினைந்து நாள் கெடு வைத்து ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நடக்காத பத்து மாதத்துக்கு 30,000 என்று கணக்குப் போட்டுக் கேளுங்கள். அலைச்சலுக்கான இழப்பீட்டைத் தனி வரியில் எழுதுங்கள்.