கேளுங்கள், சொல்கிறேன்: வாத்தியார் சம்பளமும் நம் வரிப்பணமும்

(பதில் சொல்பவர், மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை)

கேள்வி: எங்கள் தெருப் பள்ளியில் மொத்தமே நாற்பது பிள்ளைகள், இரண்டு டீச்சர். பெரிய டீச்சருக்குச் சம்பளம் லட்சத்தை நெருங்குகிறதாம். வருஷத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படி வேறு. நான் மளிகைக்கடை வைத்து ஜிஎஸ்டி கட்டுகிறவன். என் வயிறு எரிவது தப்பா?
- ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தப்பே இல்லை. பணம் உங்களுடையது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் பாதிக் கணக்கோடு கேட்கிறீர்கள்.

நாற்பது பிள்ளைக்கு இரண்டு டீச்சர் என்பது யாரும் தாராளமாகத் தூக்கிக் கொடுத்ததல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். வகுப்புகளோ ஐந்து. ஒன்று, இரண்டு, மூன்றை ஒருவர் ஒரே அறையில் உட்கார வைத்திருப்பார்; நான்கும் ஐந்தும் இன்னொருவரிடம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று ஒருவரைக் கூப்பிட்டுவிட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இதற்கு நடுவே எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறைச் செயலியில் வருகைப் பதிவு போட வேண்டும். போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்னல் தேடி டீச்சர் போனோடு வாசல் பக்கம் போய்த் திரும்புவதற்குள் இரண்டாம் வகுப்புக்காரன் மூன்றாம் வகுப்புக்காரியின் பென்சிலை இரண்டாக ஒடித்திருப்பான். பஞ்சாயத்து முடிய மணி அடித்துவிடும்.

பெரிய டீச்சர் சம்பளம் உண்மைதான், இருபத்தைந்து, முப்பது வருஷ சர்வீஸ் இருந்தால் அந்த அளவுக்கு வரும். அந்தச் சின்ன டீச்சருக்கு எவ்வளவு என்று விசாரித்தீர்களா? 2009 மே 31 வரை வேலைக்குச் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு, அதாவது தொடக்க வகுப்பு டீச்சருக்கு, அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே படிப்பு, அதே பாடப்புத்தகம், அடிப்படையோடு சேரும் தர ஊதியமும் இருவருக்கும் அதே 2,800. ஏழாவது ஊதியக் குழு வந்தபோது எல்லாவற்றையும் 2.57ஆல் பெருக்கினார்கள். ஆரம்பத்தில் இருந்த 3,170 ரூபாய் இடைவெளியை நீங்களே பெருக்கிப் பாருங்கள், 8,000த்தைத் தாண்டிவிடும். அதன் மேல்தான் அகவிலைப்படி, அதுவும் சதவீதத்தில். அதனால் ஒவ்வொரு முறை ஏறும்போதும் மேலே இருப்பவருக்கு அதிக ரூபாய், கீழே இருப்பவருக்குக் குறைச்சல். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 2022 டிசம்பர் கடைசியில் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டிபிஐ வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் இந்தச் சின்ன டீச்சர்கள்தான். புத்தாண்டு அன்று மூன்று பேர் குழு அறிவித்து அனுப்பி வைத்தார்கள்.

என்னைக் கேட்டால், எல்லோருக்கும் ஒரே சதவீதம் ஏற்றுவதற்கு முன்னால் அடியில் கிடப்பவர்களை மேலே தூக்கிவிட வேண்டும். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னால் என்னை முறைப்பார்கள். முறைக்கட்டும், பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி டீச்சரின் பிள்ளையே காலையில் கான்வென்ட் வேன் ஏறினால் ஊர் என்ன நினைக்கும்? அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குச் சம்பளத்தை வெட்டினால், ஒழுங்காகப் பாடம் நடத்துகிறவர்தான் முதலில் துவண்டு போவார். பாடம் நடக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். உங்கள் பிள்ளை அங்கே படித்தால் போய் உட்காருங்கள். நான் நடத்திய கூட்டங்களில் டீயும் பிஸ்கட்டும் தீரும் வரை வாயே திறக்காமல் இருந்தவர்கள்தான் அதிகம்.

கேள்வி: நான் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பதில்லை. அரசுப் பள்ளியைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டா?
- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், உள்ளேயே கல்வி வரி இருக்கும். சோப்பு வாங்கினாலும் வரி, செருப்பு வாங்கினாலும் வரி. தைரியமாகக் கேளுங்கள்.

கேள்வி: நான் புதுச்சேரி அரசுப் பள்ளியில் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. கடலூர்ப் பக்கம் இதே வேலை பார்க்கும் என் தங்கை, என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு வாரமாகச் சரியாகப் பேசவில்லை. நான் என்ன செய்ய?
- ஒரு வாசகி, அரியாங்குப்பம்

பதில்: முதலில் சீட்டை மேசை மேல் வைக்காதீர்கள் அம்மா. புதுச்சேரி யூனியன் பிரதேசம், மத்திய அரசின் ஊதிய விகிதம். உங்கள் தொடக்க அடிப்படை ஊதியம் 35,400. தங்கைக்குத் தமிழ்நாட்டில் 20,600. நடுவில் எல்லையில் ஆல்பேட்டை செக்போஸ்ட். அங்கே மது பாட்டிலைத்தான் தேடுவார்கள், சம்பள வித்தியாசத்தை அல்ல. எட்டாவது ஊதியக் குழுவை 2025 நவம்பரில் அமைத்து 18 மாதக் கெடு கொடுத்திருக்கிறார்கள். அறிக்கை வந்ததும் உங்கள் பக்கம் இன்னொரு முறை ஏறும், தங்கையிடம் இப்போதே சமாதானம் ஆகிவிடுங்கள்.

ஆனால் உங்கள் பக்கமும் எல்லோருக்கும் பாலாறு ஓடவில்லை. காலையில் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றும் ரொட்டிப்பால் ஊழியர்களைக் கேளுங்கள், நிரந்தரம் கேட்டு எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள் என்று.

கேள்வி: தனியார் பள்ளிக்கு அரசு ஏன் பணம் கொடுக்கிறது?
- ஒரு வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: அதே கல்வி உரிமைச் சட்டம். தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு திருப்பித் தரும். மத்திய அரசு நிதியை நிறுத்தி வைத்ததால் 2025இல் தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதற்குள் பிள்ளைகள் காலாண்டுத் தேர்வே எழுதி முடித்திருந்தார்கள்.

கேள்வி: 2012இல் பகுதிநேர ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தேன். வாரத்துக்கு மூன்று அரைநாள் என்றார்கள். ஆண்டுவிழா பேனர், சுவர் ஓவியம், தேர்தல் விழிப்புணர்வுக் கோலம் எல்லாம் என் தலையில். என் மாணவனே இப்போது என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான். விட்டுவிட்டுத் தனியார் பள்ளிக்குப் போகலாமா?
- ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: 5,000 ரூபாயில் தொடங்கி 12,500க்கு வர உங்களுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. மே மாதத்துக்குச் சம்பளமே இல்லாமல் எத்தனையோ கோடையைக் கடன் வாங்கி ஓட்டியிருப்பீர்கள். பலாப்பழ சீசனில் மண்டியில் கணக்கு எழுதப் போன ஒரு உடற்கல்வி ஆசிரியரை எனக்குத் தெரியும். நெல்லிக்குப்பத்து அண்ணாச்சி லட்சக் கணக்கு பேசும்போது உங்களைப் போன்றவர்கள் அவர் கண்ணில் படுவதில்லை.

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தனியார் பள்ளியில் எழுத்தில் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கி இன்னொரு தொகையைக் கையில் தரும் இடம் உண்டு. அப்புறம் இத்தனை வருஷ வேலைக்குத் தலைமையாசிரியரிடம் பணி அனுபவச் சான்று வாங்கி வையுங்கள். பேனர் எழுதிய வேலையையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.