சரிவான நிலத்தில் கிடங்கு கட்டும்போது மழையில் மண் கரைந்து ஓடாமல் இருக்க, சுற்றிலும் பச்சை நெட் கட்டினால் போதுமா?

போதாது. "நெட் கட்டிட்டா வேல முடிஞ்சுது சார்" என்று உங்கள் கான்ட்ராக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எரிச்சல் வந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமான பதில்.

சூளகிரிப் பக்கம் 7 ஏக்கர், மேலே கரடு, கீழே ஓடை, தை மாதம் பூமி பூஜை. நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான். அநேகமாக நீங்கள் பெங்களூரில் வேலையில் இருப்பீர்கள், சனி ஞாயிறு மட்டும் சைட்டுக்கு வருவீர்கள், கான்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவை வைத்துத்தான் எல்லாம் தெரிந்துகொள்வீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும்.

தையில் பூஜை போட்டால் மாசியில் ஜேசிபி இறங்கும். பங்குனிக்குள் 7 ஏக்கரையும் வழித்து மட்டம் தட்டிவிடுவார்கள், ஏனென்றால் வண்டி வாடகை மணிக் கணக்கு, ஒரேயடியாக முடித்தால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். அடுத்து என்ன வரும்? சித்திரை, வைகாசியில் இடியோடு கொட்டுகிற கோடை மழை. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரியில் மழையே இல்லை என்பார்கள். மொத்தம் குறைவுதான், ஆனால் வருகிற மழை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகும். அதைத் தாண்டினாலும் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ரோட்டில் நின்ற வண்டிகளையே அடித்துக்கொண்டு போனது. அந்த மாதிரி மழைக்கு எந்தத் திட்டமும் தாங்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதெல்லாம் வருடா வருடம் வரும் சாதாரண மழைக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் டிப்ளமோ சிவில். நீரியல் படித்தவன் இல்லை. ஆனால் இந்த மாவட்டத்துச் செம்மண்ணில் பல வருடம் நின்று வேலை பார்த்தவன். "எந்த ஐஎஸ் கோடில் (இந்தியத் தர விதியில்) இருக்கிறது" என்று கேட்டுக் கமெண்ட்டில் வரப்போகிறவர்கள், தயவுசெய்து ஒரு மழைநாளில் சரிவான சைட்டில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பர்கூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்காரருக்குக் கிடங்கு கட்டினோம். உங்கள் நிலம் மாதிரியேதான். வடகிழக்கில் கரடு, தென்மேற்கில் சரிவு. வேலியைத் தாண்டினால் ஒரு பாட்டியின் தக்காளிக் கொல்லை, பக்கத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, அதற்கும் கீழே ஏரிக்குப் போகும் ஓடை. எங்கள் டிராயிங்கில் இது எதுவுமே கிடையாது. சர்வே எடுப்பவர் எல்லைக் கல்லோடு நின்றுவிடுவார். தண்ணீருக்கு எல்லைக் கல் தெரியுமா? அதனால் வண்டி இறக்கும் முன்பு கீழே நடந்து போய்ப் பார்த்தேன்.

பாட்டி களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏம்பா தம்பி, மேல மட்டம் பண்ணிட்டு தண்ணிய எந்தப் பக்கம் உடுவீங்க?"

கம்பெனியில் ஒருத்தர்கூட அதுவரை இதைக் கேட்கவில்லை. "அதத்தாங்க பாக்க வந்தேன்" என்றேன். கையில் களைக்கொத்தோடு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கரட்டுத் தண்ணீர் எங்கே பிரியும், புளியமரத்துப் பக்கம் எவ்வளவு வரும் என்று எல்லாம் சொன்னார். "முன்ன உங்க நெலத்துல வரிசையா கல்லுக்கட்டு இருந்துச்சுப்பா. வாங்கி வித்த புரோக்கருதான் கல்லையெல்லாம் டிராக்டர்ல ஏத்திட்டுப் போயிட்டான்." பிறகு போய்ப் பார்த்தேன், கல் இருந்த இடத்துத் தடம் இன்னும் தெரிந்தது. சரிவுக்குக் குறுக்கே கல்லுக்கட்டு போட்டு மண்ணைப் பிடிப்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அங்கே செய்ததை உங்கள் 7 ஏக்கருக்கு மாற்றிச் சொல்கிறேன். முதல் வேலை மேல் எல்லையில் ஒரு வாய்க்கால். கரட்டிலிருந்து வரும் தண்ணீர் உங்கள் தோண்டின மண்ணைத் தொடவே கூடாது, ஓரமாகச் சுற்றிப் பழைய ஓடைக்கே போய்விட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அந்தத் தண்ணீரும் உங்கள் கணக்கில் சேரும், கீழே வெட்டும் குழி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரிதாக வேண்டியிருக்கும். வாய்க்காலில் வேகம் குறைய இடையிடையே கல் தடுப்பு போடுங்கள். கல்குவாரி இருக்கிற ஊரில் கல்லுக்கா பஞ்சம்? தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஓரத்தை அறுத்துக்கொண்டு போகும். மேல் தடுப்பின் அடி மட்டமும் அடுத்த கீழ்த் தடுப்பின் உச்சி மட்டமும் சமமாக வருகிற இடைவெளியில் போட வேண்டும். சரிவு அதிகமானால் நெருக்கமாக வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது, கீழ் மூலையில் வண்டல் குழி, அதாவது சேற்றுத் தண்ணீரைத் தேக்கி மண்ணைப் படியவைக்கும் குழி. ஏக்கருக்கு 3,600 கன அடி என்பது அமெரிக்காவில் பின்பற்றும் கணக்கு. நம்மூர்க் கணக்கில் 36 யூனிட் (100 கன அடி ஒரு யூனிட்). நிலத்தின் மேல் ஓர் அங்குலத் தண்ணீர் நின்றால் எவ்வளவோ ஏறக்குறைய அதுதான். உங்கள் 7 ஏக்கருக்கு 252 யூனிட். 100 அடி நீளம், 50 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் 250 யூனிட், ஏறக்குறைய சரியாக வரும். நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேற வேண்டும். வெளியேறும் இடத்தில் கரையைத் தாழ்த்திக் கல் பதித்து விடுங்கள். ஊத்தங்கரை மழை ஓர் ஏக்கரில் அப்படியே ஓடிவந்தால் 700 யூனிட்டுக்கு மேல், நம் குழியோ ஏக்கருக்கு 36. ஆகவே நிரம்பி வழியும் என்று தெரிந்தேதான் வெட்டுகிறோம். வழிகிற இடத்தை நாம் தீர்மானிக்காவிட்டால் கரை உடைந்து தண்ணீரே தீர்மானித்துக்கொள்ளும்.

இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் நிலத்தை வழிக்க வேண்டும். அதுவும் பாதி பாதியாக. கிடங்கு வருகிற பாதியை மட்டும் திறங்கள், பார்க்கிங், ரோடு வருகிற பாதியில் இருக்கும் புல்லும் புதரும் அப்படியே இருக்கட்டும். திட்டம் என்றால் இந்த வேலை வரிசைதான். நெட், சாக்கு, கல் எல்லாம் வாங்குகிற சாமான்.

எங்கள் சைட்டில் இந்தக் குழிதான் பெரிய ரகளையாகிவிட்டது. தென்மேற்கு மூலை, அதாவது கன்னி மூலை. முதலாளியின் வாஸ்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, கன்னி மூலையில் பள்ளம் வெட்டினால் குடும்பத்துக்கே ஆகாது, ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில் வெட்டுங்கள் என்றார். ஈசானியம் கரட்டின் அடிவாரம்! தண்ணீர் மேட்டுக்கு ஏறிப் போய்க் குழியில் விழுமா? முதலாளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். வாஸ்து பொய் என்று வாதாடினால் என் வேலைதான் போகும். கடைசியில் சொன்னேன்: "சார், இது கட்டடத்தோட பள்ளம் இல்ல. வேலைக்காக வெட்டறது. ஷெட் போட்டு, ரோடு போட்டு, புல் புடிச்சதும் மூடி மேடாக்கிட்டுத்தான் கணபதி ஹோமம்." வாஸ்துக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மூடிவிட்டால் தோஷம் இல்லை என்றார். உண்மையிலேயே அது தற்காலிகக் குழிதான், நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை. பகுத்தறிவு நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், சைட்டில் குழி வெட்டியாக வேண்டும்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் எதிர்பார்த்த மழை வந்தது. குழி நிரம்பி, கல் பதித்த வழியாக வழிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் நுழைகிற முனையில் கொரகொர மணல் விசிறி மாதிரி படிந்து கிடந்தது. குழி பாதி மண்ணானதும் அள்ளிவிட வேண்டும், ஆகவே ஜேசிபியை மறுபடி இறக்கினோம். பாட்டியின் கிணற்றில் மண் விழவில்லை. ஆனால் வழிந்துபோன தண்ணீர் சிவப்பாகத்தான் போனது. அதை மறைக்க மாட்டேன். மணல் சீக்கிரமே அடியில் உட்கார்ந்துவிடும். மிக நுண்ணிய களிமண் துகள் அசையாத தண்ணீரிலேயே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாளாவது ஆகும், குழியில் அது அவ்வளவு நேரம் நிற்காது. அந்தச் சிவப்புக்கு ஒரே மருந்து, மண்ணை அம்மணமாக விடாமல் இருப்பது. வேலை நிற்கிற இடத்தில் வைக்கோல் பரப்பலாம். நாங்கள் கொள்ளு தெளித்தோம். ஒரு மழை ஈரத்தில் முளைத்துக்கொள்ளும், விதைச் செலவு ஒன்றும் பெரிதில்லை, பாட்டியின் மாட்டுக்கும் தீனி.

அதே வாரம் கொஞ்ச தூரத்தில் இன்னொரு லேஅவுட். முழுவதையும் வழித்துப் போட்டு, சுற்றிலும் பச்சை நெட் கட்டியிருந்தார்கள், உங்கள் கான்ட்ராக்டர் சொல்வது போலவே. நெட்டின் அடி மண்ணுக்குள் புதைக்கப்படவில்லை. தண்ணீர் அடியில் நுழைந்து, நெட்டைச் சுருட்டிக்கொண்டு, ரோட்டுப் பாலத்துக் குழாயை அடைத்துவிட்டது. டூவீலர்காரர்கள் சேற்றில் சறுக்கி விழுந்தார்கள். நெட் கட்டுவதானால் அரை அடி ஆழம் பள்ளம் எடுத்து, அடி விளிம்பை உள்ளே விட்டு மண் தள்ளி இறுக்க வேண்டும். 100 அடி நீள நெட்டுக்குக் கால் ஏக்கர் தண்ணீர்தான் வரலாம். தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டவே கூடாது. மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மண் ஏறினால் அள்ள வேண்டும். காற்றோட்டமான நிழல்வலை இதற்கு ஆகவே ஆகாது, இதற்கென்று நெருக்கமாக நெய்த துணி இருக்கிறது.

லாரி வெளியேறும் வாசலில் 50 அடிக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, அரை அடி கனம். டயர் மண் ரோட்டுக்கு வராது. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள், ஓடையிலிருந்து தள்ளி. டிப்பர்காரர்கள் அதை விலைக்குக் கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள், கடைசியில் புல் வளர்க்க அதுதான் வேண்டும். அஸ்திவாரக் குழியில் நிற்கும் சேற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து ஓடைக்கு இறைக்க விடாதீர்கள், வண்டல் குழிக்கே விடுங்கள்.

"இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறதா" என்று கேட்பீர்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், மேல்மண்ணைப் பாதுகாக்கச் சொல்லும் நிபந்தனையும் அதோடு வரும். அதற்குக் கீழே உள்ள சைட்டில் வந்து கேட்க ஆளில்லை. அமெரிக்காவில் ஓர் ஏக்கர் கிளறினாலே மழைநீர்த் திட்டம் எழுதிக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். கட்டுமான இடத்திலிருந்து ஓடும் மண் விவசாய நிலத்தைவிட 10 முதல் 20 மடங்கு, காட்டைவிட 1,000 முதல் 2,000 மடங்கு என்பது அங்கத்திய சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. இங்கேயோ நாம் ஏரியில் மண்ணை நிரப்புகிறோம், பிறகு தாசில்தாரிடம் அனுமதி வாங்கி விவசாயிகள் அதே வண்டலை டிராக்டரில் திருப்பி அள்ளுகிறார்கள்.

சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பர்கூர் சைட்டின் குழிக்கணக்கு முழுக்க என் நோட்டில் போட்டது. கம்பெனியில் அதைத் தட்டச்சு செய்து, அப்போதுதான் சேர்ந்த பி.இ. பையன் பெயரில் ஆலைக்காரருக்கு அனுப்பினார்கள். அவன் நல்ல பையன், அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் "இன்ஜினியர் சார்", நான் "சூப்பர்வைசர்". விசிட்டிங் கார்டில்கூட அப்படித்தான். சம்பளமும் அதற்கேற்ற மாதிரி. டிப்ளமோ படித்தவன் மட்டக்கருவி வைத்துத் தண்ணீர் போகும் வழி சொன்னால் அனுபவம் என்பார்கள், டிகிரிக்காரன் சொன்னால் டிசைன் என்பார்கள். கேட்டால் கம்பெனி பாலிசியாம். சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கான்ட்ராக்டர் இதையெல்லாம் செய்ய மறுப்பதற்குக் காரணம் கெட்ட எண்ணமாக இருக்காது. ஒப்பந்தத்தில் அதற்கு ஐட்டம் இருக்காது, அவர் கைக்காசைப் போட வேண்டும். மேல் வாய்க்கால், கல் தடுப்பு, குழி வெட்டு, குழி அள்ளு, கடைசியில் குழி மூடு என்று தனித்தனி வரியாக ரேட் கேளுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அள்ளுவதற்கு யூனிட் ரேட் பேசிவிடுங்கள், அதை விட்டுவிட்டால் குழி மண்ணேறிக் கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள். ரன்னிங் பில்லில் (வேலை நடக்க நடக்கக் கொடுக்கும் பில்) மண்வேலைக்கு முதல் பணம் கொடுக்கும் முன் வாய்க்காலும் குழியும் முடிந்திருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். சனிக்கிழமை வரும்போது மேலே கரட்டிலிருந்து எவ்வளவு பரப்பின் தண்ணீர் உங்கள் நிலத்துக்குள் இறங்குகிறது என்று நடந்து பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், வாய்க்கால் அகலம் அதைப் பொறுத்துத்தான். கீழே யார் கொல்லை, எத்தனை கிணறு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.