வீட்டு ஏசி திடீரென்று நின்றுபோனால் சமாளிக்க, முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

திருநெல்வேலியில் மாடி வீடு, கூடவே வயதான அப்பா என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டைக்காரி. என்னைக் கேட்டால், ஏசி இல்லாமல் தூங்க முடிகிற ஓர் இடத்தை வீட்டுக்குள் இப்போதே பார்த்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அக்கினி நட்சத்திரத்தில் ஏசி நின்றால் மெக்கானிக் அன்றைக்கே வருவார் என்று நம்ப முடியாது. எல்லார் வீட்டிலும் அப்போதுதானே அது மல்லுக்கு நிற்கும்! நாமோ குளிர் வெளியே போகக்கூடாதென்று அந்த அறையின் சன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறோம். ஏசி நின்றதும் வீட்டிலேயே மோசமான அறை அதுதான். மாடி அறை என்றால் கேட்கவே வேண்டாம். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம், ராத்திரி வெகுநேரம் வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வெள்ளை சுண்ணாம்பு அடித்தால் கொஞ்சம் குறையும்.

எங்களுக்கு அப்படி ஓர் இடம் கீழே பட்டாசல், அதாவது கூடம்தான். எதிரெதிர் சன்னல், அதில் கொசுவலை, ஒரு பெடஸ்டல் ஃபேன், பத்தமடைப் பாய். மெத்தையில் தேங்குகிற சூடு கோரைப் பாயில் தேங்காது. வெளியே கொதிக்கும்போது சன்னலை மூடி, பொழுது சாய்ந்து காற்று ஆறியதும் திறக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆனியில் மேல்காற்று வீச ஆரம்பித்துவிட்டால் கவலையில்லை, சித்திரையும் வைகாசியும்தான் பாடு. ஏர்கூலர் வாங்குவதானால் திறந்த சன்னலோரம் வையுங்கள். மூடிய அறையில் புழுக்கம்தான் மிஞ்சும்.

ஏசிக்கு சர்வீஸை மாசியிலேயே முடித்துவிடுங்கள், வெயில் ஏறிய பிறகு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாமே கழுவலாம். பில், வாரன்டி அட்டை, மாடல் எண் எல்லாவற்றையும் படமெடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று யாராவது சொன்னால், கசிவு எங்கே என்று கேளுங்கள். ஏசி கேஸ் ஓட ஓடக் கரைகிற பொருள் இல்லை, குறைந்தால் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் வருஷா வருஷம் நிரப்புவது தண்டச்செலவு.

நின்ற அன்றைக்கு முதலில் ரிமோட் பேட்டரி, எம்சிபி (தானாக விழுகிற மெயின் சுவிட்ச்), ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் பாருங்கள். தெருவுக்கே வோல்டேஜ் குறைவென்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்ல வேண்டியதுதான். உள் யூனிட்டில் ஐஸ் கட்டியிருந்தால் ஏசியை நிறுத்தி உருக விடுங்கள். இன்வெர்ட்டர் ஏசி அல்லாத பழைய வகை ஏசியில், வெளி யூனிட் ஃபேன் சுற்றாமல் உம்மென்று இரைந்தால் பெரும்பாலும் ஃபேனைக் கிளப்பிவிடுகிற கபாசிட்டர் போயிருக்கும். சின்னச் செலவுதான், ஆனால் நீங்கள் கை வைக்காதீர்கள். கரண்டை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும்.

அப்பா விஷயம் தனி. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறாரா? வெயில் காலத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். அறைச்சூடு உடம்புச்சூட்டையும் தாண்டினால் வெறும் ஃபேன் அனல்காற்றைத்தான் அடிக்கும். ஈரத்துணியால் கழுத்து, கை கால் துடைத்துவிட்டு ஃபேன் போடுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தாலோ மெக்கானிக்கை மறந்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.