தக்காளியில் வழுக்கும் கத்தி

கேள்வி: இணையத்தில் தள்ளுபடி விலைக்கு ஆறு கத்திகள் அடங்கிய செட் வாங்கினேன். மூன்றே மாதத்தில் எல்லாம் மழுங்கிவிட்டன. தக்காளித் தோலில் வழுக்குகின்றன. 6,000 ரூபாய்க்கு ஜப்பான் கத்தி ஒன்று வாங்கிவிடலாமா? மாமியாரோ அரிவாள்மனையே போதும் என்கிறார்.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த 6,000 ரூபாயை இப்போதைக்கு எடுக்காதீர்கள். முதலில் ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு கத்தியின் அலகிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால், அது பாத்திரம் செய்கிற எவர்சில்வர் ரகம். அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அது வெண்ணெய் தடவத்தான் ஆகும். ஒட்டுகிற கத்தியெல்லாம் நல்ல எஃகு என்று சொல்ல முடியாது என்றாலும், தீட்டிப் பார்க்கலாம். கத்தி வாங்கக் கடைக்குப் போகும்போது நான் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் எடுத்துப் போவது வழக்கம்.

கத்திக்குக் கூரைத் தருவது எஃகில் இருக்கும் கார்பன். ஜப்பான் கத்திகளில் பல, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60-ஐத் தாண்டியவை. கூர் நெடுநாள் நிற்கும்; ஆனால் கடினம் கூடக்கூட அலகு சில்லுச் சில்லாக உடையும். பரங்கிக்காயில் குத்தித் திருகினாலோ, சேனைக்கிழங்கைப் பிளந்தாலோ வாய், அதாவது வெட்டும் ஓரம், பெயர்ந்துவிடும். நம் சமையலுக்கு 54 முதல் 57 வரை கடினம் உள்ள, 15 முதல் 20 செ.மீ. நீள அலகு கொண்ட ஒரே ஒரு கத்தி போதும். கூடவே பழம் நறுக்க ஒரு சிறு கத்தி. அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடியிருக்க வேண்டும். பிடிக்குள் பாதியில் நின்றுவிட்ட கத்தி, வாழைத்தண்டை அழுத்தி வெட்டும் நாளில் ஆட்டம் காணும்.

மாமியார் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். அரிவாள்மனையில் இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கின்றன. அலகு பலகையில் மோதுவதே இல்லை, அதனால் கூர் நாள்பட நிற்கிறது. முருங்கைக்காய்க்கும் மீனுக்கும் அதற்கு இணை இல்லை. குழந்தை தவழும் வீடாக இருந்தால், எழுந்திருக்கும் முன்பே அதைச் சுவர்ப் பக்கமாகச் சாய்த்து வைத்துவிடுங்கள்.

இன்னொரு வழியும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்தபின் கருக்கரிவாள் வேலை குறைந்துபோன கொல்லுப்பட்டறைகள் டெல்டா ஊர்களில் இன்னும் மிச்சமிருக்கின்றன. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி கேளுங்கள். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பட்டறையில் நான் வாங்கிய கத்தி என் வீட்டில் எல்லாக் கத்திகளையும்விட நன்றாக வெட்டுகிறது. ஆனால் அதற்குத் துரு பிடிக்கும். வாழைப்பூ ஆய்ந்த இரவு அதைத் தொட்டியிலேயே போட்டுவிட்டேன். காலையில் அலகு முழுக்கக் காவி நிறம். சாம்பல் போட்டுத் தேய்த்து எடுக்க அரை மணி ஆயிற்று. அன்றிலிருந்து கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவாமல் வைப்பதில்லை. வாழைப்பூவின் துவர்ப்பு பட்டு அலகு கறுப்பது அழுக்கல்ல, கெடுதலும் இல்லை.

தீட்டுவதற்கு ஆயிரம் எண் (கல்லின் நைசைக் குறிக்கும் எண்) சாணைக்கல் ஒன்று வாங்குங்கள். தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். 4 செ.மீ. அகல அலகு என்றால் முதுகு கல்லிலிருந்து 1 செ.மீ.க்குச் சற்று மேலே நிற்க வேண்டும்; அந்தச் சாய்வு மாறாமல் தீட்டுங்கள். மறுபக்கத்தில் விரலை வாயை விட்டு வெளிப்புறமாக நகர்த்தினால் மெல்லிய பிசிர் நிரடும். அது தெரிந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். அவசரத்துக்கு, ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து அடியில் மெருகில்லாத வளையத்தில் பக்கத்துக்கு நாலு இழுப்பு இழுத்தாலே தக்காளி வெட்டும். கிரானைட் மேடையிலும் கண்ணாடிப் பலகையிலும் வெட்டாதீர்கள். பலகை மரமாக இருக்கட்டும்.

நீங்கள் வாங்கிய செட் பாக்கெட்டில் எழுதியுள்ளபடி இல்லை என்றால் பில்லோடு விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: ‘துருப்பிடிக்காது’ என்று சொல்லி விற்ற கத்தியில் புள்ளி புள்ளியாகத் துரு. மீன் வெட்டத்தான் பயன்படுத்துகிறேன்.
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: குரோமியம் சேர்ந்த எஃகு துருவை எதிர்க்கும், முழுதும் தடுக்காது. உப்புதான் அதற்கு எமன். குரோமியத்தின் மெல்லிய மேற்படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாக இறங்கும். உங்கள் ஊரில் காற்றிலேயே உப்பு. மீன் வெட்டிய கையோடு கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். புளிக்கரைசலில் ஊற வைக்காதீர்கள்.

கேள்வி: தெருவில் வந்த சாணைக்காரர் மோட்டார் சக்கரத்தில் பிடித்துக் கொடுத்தார். அலகின் ஓரம் நீலமாகிவிட்டது. பிறகு கூர் நிற்கவே இல்லை.
- ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: எஃகு சுமார் 300 டிகிரி சூடேறினால் அந்த நீலம் வரும். அந்தச் சூட்டில் வாயின் கடினம் இளகிவிட்டது. நீலம் ஏறிய ஓரம் முழுக்கத் தேயும்வரை சாணைக்கல்லில் தீட்டினால் உள்ளிருக்கும் நல்ல எஃகு வெளியே வரும். நாலைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். அடுத்த முறை சைக்கிள் மிதித்துச் சக்கரம் சுற்றுபவரிடம் கொடுத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்து, இரண்டு இழுப்புக்கு ஒரு முறை நனைக்கச் சொல்லுங்கள்.